பின் டயர் பருத்தால்…

உடல் பருத்த மனிதர்கள் மெலிய வேண்டும் என்று பட்டினி கிடக்கிறார்கள். மோட்டார் சைக்கிள் சமாசாரம் இதற்கு நேர் விரோதம். மெலிந்த டயர் எப்போது பருக்கும் என்று அதன் சொந்தக்காரர்கள் ஏங்கிக் கிடக்கிறார்கள்!

உங்கள் வீட்டில் மோட்டார் சைக்கிள் இருக்கிறதா? ஓட்டுகிறவர் கணவராக இருக்கலாம், பிள்ளையாக இருக்கலாம், கல்லூரிக்குப் போகும் தம்பியாக இருக்கலாம். போனஸ் வந்த வாரத்தில், சாப்பாட்டு வேளையில், இந்தப் பேச்சு மெல்லத் தலை தூக்கும்.

"அம்மா, வண்டிக்குப் பின் டயர் மாத்தணும்."

"ஏண்டா, தேஞ்சு போச்சா?"

"தேயலை. சின்னதா இருக்கு."

"வாங்கின அன்னிக்கும் அதே அளவுதானே இருந்தது? மழையிலே நனைஞ்சு சுருங்கிப் போச்சா?"

பிள்ளையாண்டான் பதில் சொல்ல மாட்டான். அப்பளத்தை நொறுக்குவதில் மும்முரமாக இருப்பான். மறு வாரம் வண்டியின் பின்பக்கம் யானைக் கால் மாதிரி ஒரு டயர் வந்து உட்கார்ந்திருக்கும்.

'டயர் விஷயம் நமக்கு எதற்கு? அது ஆண்களின் விவகாரம்' என்று இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். சென்னையில் அண்ணா சாலைக்கு அருகே ஜெனரல் பாட்டர்ஸ் சாலையிலும், புதுப்பேட்டையிலும் வண்டிச் சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே நடக்கும் இந்த வியாபாரத்தில் கேட்கப்பட வேண்டிய ஒருவருடைய அபிப்பிராயம் மட்டும் பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை. அந்த ஒருவர், பின் ஸீட்டில் உட்காருகிறவர்.

பின் சக்கரம் யாருடையது?

ஓட்டுகிறவர் இரு சக்கரங்களுக்கும் நடுவே உட்காருகிறார். அவருடைய கனத்தை இரண்டு சக்கரங்களும் பங்கு போட்டுக்கொள்கின்றன. பின்னால் உட்காருகிறவரோ ஏறக்குறையப் பின் சக்கரத்தின் தலைக்கு மேலேயே உட்காருகிறார். அவருடைய கனம், மடியில் இருக்கும் குழந்தையின் கனம், காய்கறிப் பையின் கனம் எல்லாம் அநேகமாகப் பின் டயரிலேதான் விழுகின்றன.

ஆகவே ஆர்.ஸி. புத்தகத்தில் யார் பெயர் இருந்தாலும் சரி, பின் சக்கரம் பின்னால் உட்காருகிறவருடையது. அதை மாற்றுவதானால் அவருடைய சம்மதம் வேண்டும். விஷயம் தெரியாமல் சம்மதம் சொல்லக் கூடாது அல்லவா? அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

குழந்தைக்காகப் பிறந்த டயர்

காற்றடைத்த டயர் பிரபலமானதே ஒரு வீட்டுக் கவலையினால்தான். அயர்லாந்தில் பெல்ஃபாஸ்ட் நகரத்தில் ஜான் பாய்ட் டன்லப் என்று ஒரு மிருக வைத்தியர் இருந்தார். அவருடைய சின்னப் பையன் மூன்று சக்கர சைக்கிளில் கெட்டியான டயர் போட்டுக்கொண்டு கல் பாவிய தெருவில் கடகடவென்று குலுங்கிக்கொண்டு போவான். அதைப் பார்த்த தகப்பனார், ரப்பர்க் குழாயில் காற்றை அடைத்துச் சக்கரத்தைச் சுற்றிக் கட்டிக் கொடுத்தார். 1888-ஆம் வருஷத்தில் அதற்கு உரிமைப் பத்திரமும் வாங்கினார். ராபர்ட் வில்லியம் தாம்ஸன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1845-லேயே இதே யோசனைக்கு உரிமை வாங்கியிருந்தார் என்பது பிற்பாடுதான் வெளிப்பட்டது. ஆனால் தாம்ஸன் காலத்தில் சைக்கிள் மோகம் இல்லை. குதிரை வண்டிக்குக் காற்று டயர் எதற்கு என்று உலகம் அதை மறந்துவிட்டது.

டயரும் மோட்டார் சைக்கிளும் நம் சென்னைக்கும் அந்நியமல்ல. வடசென்னைத் திருவொற்றியூரில் 1946-இல் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை ஒரு சிறு கொட்டகையில் குழந்தைகள் ஊதும் பலூன் செய்ய ஆரம்பித்தார். பலூன் பெருத்துப் பெருத்து டயர் ஆயிற்று. அதுதான் எம்.ஆர்.எஃப். அதே திருவொற்றியூரில்தான் என்ஃபீல்டு தொழிற்சாலையும் எழுந்தது. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்துக் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் 1955-இல் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பித்தன. 'புல்லட்' என்னும் வண்டி நம் ஊர்ப் பிரஜை ஆனது அப்படித்தான்.

அந்தப் பழைய புல்லட்டைப் பார்த்திருப்பீர்கள். முன்னும் பின்னும் 19 அங்குலச் சக்கரம். டயரின் அகலம் மூன்றே கால் அங்குலம், அதாவது சுமார் 83 மில்லிமீட்டர். 2023-இல் வெளிவந்த புல்லட்டிலோ பின் டயர் 120 மில்லிமீட்டர் அகலம்.

"பார்த்தீர்களா? கம்பெனிக்காரனே டயரைப் பருக்க வைத்துவிட்டான். நான் வைத்தால் மட்டும் குற்றமா?" என்று உங்கள் வீட்டுப் பிள்ளை உடனே பிடித்துக்கொள்வான். கெட்டிக்காரன்தான். ஆனால் அவன் கவனிக்காத ஒன்று இதில் இருக்கிறது. அதைப் பார்க்க, டயரின் மேல் எழுதியிருக்கும் எண்களைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

டயரின் ஜாதகம்

ஒவ்வொரு டயரின் பக்கவாட்டிலும் அதன் ஜாதகம் எழுதியிருக்கிறது. இன்றைய புல்லட்டின் பின் டயரில் 120/80-18 என்று இருக்கும். முதல் எண், டயரின் அகலம் 120 மில்லிமீட்டர் என்கிறது. இரண்டாவது எண் உயரம். அகலத்தில் நூற்றுக்கு எண்பது பங்கு, அதாவது 96 மில்லிமீட்டர். மூன்றாவது, உள்ளே இருக்கும் ரிம்மின் குறுக்களவு 18 அங்குலம், அதாவது 457 மில்லிமீட்டர்.

இப்போது கூட்டிப் பாருங்கள். ரிம் 457. அதற்கு மேலே ஒரு 96, கீழே ஒரு 96. மொத்தச் சக்கரத்தின் உயரம் 649 மில்லிமீட்டர். பழைய புல்லட்டுக்கும் இதே கணக்கைப் போடுங்கள். அந்தக் காலத்து டயரில் அகலமும் உயரமும் ஏறக்குறைய ஒன்றே. 19 அங்குலத்தோடு இரண்டு மூன்றே கால் அங்குலங்களைக் கூட்டினால் இருபத்தைந்தரை அங்குலம். மில்லிமீட்டரில் 648!

பார்த்தீர்களா வேடிக்கையை? அகலம் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு ஆகியும் சக்கரத்தின் உயரம் ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. ரிம்மை ஓர் அங்குலம் சிறிதாக்கி, டயரின் உயர விகிதத்தைக் குறைத்து, அதற்கேற்ப அகன்ற ரிம் போட்டு, சக்கரத்தைத் தாங்கும் சட்டத்தையும் புதிதாக அமைத்த பிறகே கம்பெனி டயரைப் பருக்க வைத்தது. நம் பிள்ளைகள் செய்வது அப்படி அல்ல. ரவிக்கையை மாற்றாமல் உடம்பை மட்டும் பெருக்க வைக்கிறார்கள்.

ஒரு கரண்டி மாவு

சரி, எதற்காக இந்த ஆசை? பார்வைக்குக் கம்பீரமாக இருக்கிறது என்பது முதல் காரணம். அதில் தவறு இல்லை. நாம் புடைவைக்குக் கரை அகலமாக வேண்டும் என்று கேட்பதில்லையா? ஆனால் இரண்டாவதாக ஒரு காரணம் சொல்வார்கள். "அகல டயர் தரையில் நிறையப் படும். அதனால் வழுக்காது. உன்னுடைய பத்திரத்துக்குத்தான் செய்கிறேன்" என்பார்கள். இங்கேதான் நாம் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

தரையில் படும் இடத்தின் பரப்பளவை முக்கியமாகத் தீர்மானிப்பவை இரண்டு. ஒன்று, டயரின் மேல் ஏறும் கனம். மற்றொன்று, உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தம். 30 பவுண்டு காற்று என்றால் ஒரு சதுர சென்டிமீட்டர் இடம் சுமார் 2.1 கிலோ எடையைத் தாங்கும். பின் சக்கரத்தின் மேல் 150 கிலோ ஏறினால் அதைத் தாங்கச் சுமார் 70 சதுர சென்டிமீட்டர் இடம் தரையில் பட வேண்டும். விரல்களை மடக்கிக்கொண்டு உங்கள் உள்ளங்கையைப் பாருங்கள். ஏறக்குறைய அவ்வளவுதான். நீங்களும் உங்களுடையவரும் உங்கள் மளிகைச் சாமானும் பின்பக்கத்தில் நம்பிக்கொண்டு போவது அந்த ஓர் உள்ளங்கை ரப்பரைத்தான்!

அகல டயர் போட்டு அதே காற்றை அடைத்தால் இந்தப் பரப்பளவு அதிகம் மாறுவதில்லை. உருவம்தான் மாறுகிறது. ஒரு கரண்டி மாவை நீளவாக்கில் ஊற்றினாலும் அகலவாக்கில் ஊற்றினாலும் மாவு ஒரு கரண்டிதானே? குறுகிய டயர் தரையில் நீளமாகப் பதிகிறது. அகன்ற டயர் குறுக்கே பதிகிறது.

ஈரத் தரையில் வழுக்காமல் இருப்பதற்கு வேறு காரணங்கள் உண்டு. ரப்பரின் தரம், தண்ணீரை ஒதுக்கித் தள்ளும் பள்ளங்களின் ஆழம், சரியான காற்று, இவைதான். தேயாத நல்ல டயர் கம்பெனி அளவில் இருந்தால், அது தேய்ந்துபோன அகல டயரைவிட ஆயிரம் மடங்கு மேல்.

அப்படியானால் பந்தய வண்டிகளுக்கு ஏன் அவ்வளவு பெரிய பின் டயர் என்று கேட்பீர்கள். அந்த வண்டிகளில் சில 200 குதிரைச் சக்திக்குக் கிட்டே உள்ளவை. அந்த வேகத்தில் உண்டாகும் சூட்டையும் இழுப்பையும் மெல்லிய டயர் தாங்காது. நம் புல்லட் 350-க்கு சக்தி சுமார் 20 குதிரை. வேலைக்குப் போய்வரும் நூறு ஸி.ஸி. வண்டிக்கோ எட்டுக் குதிரை. எட்டுக் குதிரை பூட்டிய வண்டிக்கு இருநூறு குதிரைச் சக்கரம் மாட்டினால் குதிரைகள்தான் பாவம்!

பெரிய தலையணை, சின்ன உறை

இனி உபத்திரவங்களைப் பார்ப்போம். முதல் உபத்திரவம் ரிம். ஒவ்வொரு அகல ரிம்முக்கும் இன்ன அளவிலிருந்து இன்ன அளவு வரை டயர் போடலாம் என்று டயர்க் கம்பெனிகள் பட்டியல் வைத்திருக்கின்றன. அதை மீறினால் என்ன ஆகும்?

பெரிய தலையணையைச் சின்ன உறைக்குள் திணித்துப் பார்த்திருக்கிறீர்களா? ஓரங்கள் நெருக்கப்பட்டு நடுப்பாகம் கூம்பிக்கொண்டு நிற்கும். குறுகிய ரிம்மில் மாட்டிய அகல டயரும் அப்படியே. நடுப்பகுதி மட்டும் தரையில் பட்டுச் சீக்கிரம் தேயும். ஓரங்களோ புதுசாகவே இருக்கும். டயரின் விளிம்பு ரிம்மின் பள்ளத்தில் ஒழுங்காக உட்காராமல் போகவும் இடம் உண்டு. அகலத்துக்கென்று கொடுத்த பணம் கடைசியில் அகலத்தையும் தருவதில்லை.

'ரிம்மையும் மாற்றிவிடலாமே' என்றால், மாற்றலாம். ஆனால் கம்பிகளைப் பிரித்து, புது ரிம்மில் கோத்து, கோட்டம் எடுத்து, சக்கரத்தை வண்டியின் நேர்க்கோட்டில் நிறுத்த நல்ல கைத்திறம் வேண்டும். செலவும் டயரோடு நிற்காது.

ஒரு மிளகு, ஒரு நெல்

120-ஐ 130 ஆக்கினால் பத்து மில்லிமீட்டர்தானே கூடுகிறது? பக்கத்துக்கு ஐந்து. ஐந்து மில்லிமீட்டர் என்பது ஒரு மிளகின் அளவு. 'ஒரு மிளகுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?' என்று தோன்றும். ஆனால் பின் சக்கரத்தின் ஒரு பக்கம் செயின் ஓடுகிறது. இரு பக்கமும் சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரும்புக் கவை இருக்கிறது. மேலே மட்கார்டு இருக்கிறது. சில வண்டிகளில் இந்த இடைவெளிகள் சில மிளகு அளவுதான். செயின் தளர்ந்து ஆடும்போதும், டயர் பள்ளத்தில் விழுந்து பிதுங்கும்போதும் அந்த மிளகு இல்லாமல் போய்விடும். பிறகு செயின் ரப்பரை அறுக்கும். அல்லது டயர் இரும்பில் உரசிக்கொண்டே ஓடும்.

கடையில் இது தெரியாது. அங்கே வண்டி ஸ்டாண்டில் நிற்கிறது. மேலே ஆள் இல்லை. சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பார்ப்பார்கள். எங்கும் இடிக்காது. 'கச்சிதம்!' என்று பணத்தை வாங்கிக்கொள்வார்கள். நீங்கள் பின்னால் ஏறி உட்கார்ந்து, வண்டி ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கும்போதுதான் ஸ்பிரிங் அமுங்கிச் சக்கரம் மட்கார்டை நோக்கி எழும்புகிறது. இடிப்பதானால் அப்போதுதான் இடிக்கும். பரீட்சை கடையில் அல்ல, நீங்கள் உட்கார்ந்த பிறகுதான் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

உயரக் கணக்கையும் பாருங்கள். 130/80-18 என்ற டயரின் பக்க உயரம் 104 மில்லிமீட்டர். சக்கரம் முழுவதும் 665. முன்பு 649. ஆக, வண்டியின் பின்பக்கம் எட்டு மில்லிமீட்டர் எழும்புகிறது. ஒரு நெல்மணியின் நீளம். இதனால் முன்பக்கம் சற்றே தாழ்ந்து வண்டியின் குணம் கொஞ்சம் மாறும். பக்க ஸ்டாண்டில் வண்டி முன்னைவிடச் சாய்ந்து நிற்கும்.

சக்கரம் பெரிதானால் ஒரு சுற்றில் போகும் தூரமும் கூடும். இந்தக் கணக்கில் நூற்றுக்கு இரண்டரை. கியர் கொஞ்சம் பெரிதானதற்கு இது சமானம். இருவராக மேம்பாலம் ஏறும்போது வண்டி முக்குவது கேட்கும். முன் சக்கரத்திலிருந்து வேகம் காட்டும் வண்டியானால் முள் பொய் சொல்லாது. பின் சக்கரத்தைக் கொண்டு அளக்கும் வண்டியானால் நிஜ வேகத்தைவிடக் குறைத்துக் காட்டும். பெட்ரோலும் சற்றுக் கூடுதலாகவே குடிக்கும். கனமான டயரைச் சுழற்றுவதற்கு யாராவது கூலி கொடுக்க வேண்டாமா?

நூறு ஸி.ஸி. வண்டியில் இது இன்னும் அதிகம். சாதாரணமாக அதில் 80/100-18 டயர் இருக்கும். சக்கரத்தின் உயரம் 617. அதைக் கழற்றிவிட்டு 100/90-18 போட ஆசைப்படுகிறார்கள். உயரம் 637 ஆகிறது. பக்கத்துக்குப் பத்து மில்லிமீட்டர் அகலம், பின்பக்கம் பத்து மில்லிமீட்டர் எழுச்சி, நூற்றுக்கு மூன்றுக்கு மேல் கியர் வித்தியாசம். எட்டுக் குதிரைகள் இதையும் இழுத்து, உங்களையும் இழுக்க வேண்டும்.

திரும்பும்போது இன்னொரு விஷயம். இரு சக்கர வண்டி திரும்புவது சாய்ந்துதான். டயர் அகலமானால் சாயும்போது தரையைத் தொடும் இடம் நடுவிலிருந்து வெகுதூரம் விலகிப் போகிறது. அதே வளைவை எடுக்க வண்டியை இன்னும் கொஞ்சம் சாய்க்க வேண்டியிருக்கிறது. முன் டயர் மெலிந்ததும் பின் டயர் பருத்ததுமாக இருந்தால், மாப்பிள்ளை ஒரு பக்கமும் மாமனார் ஒரு பக்கமும் இழுக்கிற வீடு மாதிரிதான். சந்து பொந்துகளில் சட்டென்று விலக வேண்டிய நேரத்தில் அந்தத் தாமதம் உறைக்கும்.

புடைவைக்கு ஒரு சட்டம்

இவ்வளவையும் சகித்துக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் சகிக்கவே கூடாது. அகல டயரை இடிக்காமல் உட்கார வைப்பதற்காகச் சில இடங்களில் மட்கார்டை வெட்டுகிறார்கள். சேலை காக்கும் கம்பி வலையையும் கழற்றி எறிகிறார்கள். "அது எதற்கு, பார்க்க அசிங்கமாக இருக்கிறது" என்பது அவர்கள் சொல்லும் சமாதானம்.

அந்தக் கம்பி வலை கம்பெனிக்காரர்கள் அழகுக்காக வைத்ததல்ல. 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-வது விதி என்று ஒன்று இருக்கிறது. மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்காருகிறவர் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி வேண்டும். கால் வைக்க இடம் வேண்டும். அவருடைய உடை சக்கரத்தில் சிக்காதபடி பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் காப்பும் வேண்டும். இவற்றை வைத்துத்தான் வண்டியைத் தயாரிக்க வேண்டும் என்கிறது அந்த விதி. தேசம் முழுமைக்குமான மோட்டார் விதிகளில் நம் முந்தானைக்கும் துப்பட்டாவுக்குமென்று எழுதப்பட்ட இடம் அது.

வேகமாகச் சுழலும் சக்கரத்தில் புடைவைத் தலைப்பு சிக்கினால் அதை உருவி எடுக்க நேரம் கிடையாது. ஆளையே இழுத்துத் தள்ளிவிடும். கழுத்தில் சுற்றிய துப்பட்டாவானால் சொல்லவே வேண்டாம். டயர் அகலமாகி வலையும் இல்லாமல் போனால், சக்கரம் உங்கள் உடைக்கு இன்னும் அருகே வந்துவிடுகிறது. காப்பு மட்டும் தூரப் போய்விடுகிறது. 'டயரா, வலையா?' என்ற கேள்வி எழுந்தால் வலைதான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். இதில் தாட்சண்யம் வேண்டாம்.

சட்டத்தைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுப் பத்திரத்திலுள்ள விவரங்கள் கம்பெனி முதலில் நிர்ணயித்ததற்கு மாறாகப் போகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை வலியுறுத்தித் தீர்ப்புச் சொன்னது. கம்பெனி சொல்லாத அளவில் சக்கரத்தை மாற்றிவிட்டு, பிறகு ஒரு விபத்து நேர்ந்தால், இன்ஷூரன்ஸ்காரர்கள் கேள்வி கேட்க நாமே வழி செய்து கொடுத்ததாக ஆகும்.

மாற்றவே கூடாதா?

அப்படியும் சொல்லவில்லை. அளவு தெரிந்து செய்தால் அகல டயரில் கொஞ்சம் நன்மையும் உண்டு. உள்ளே காற்று அதிகம் பிடிப்பதால் பள்ளம் மேடுகளின் குலுக்கல் சற்றுக் குறையும். கனம் தாங்கும் சக்தியும் சாதாரணமாகக் கூடும். கடைக்காரர் பேச்சைவிட, வண்டிக் கம்பெனியின் கைப்புத்தகத்தையும் டயர்க் கம்பெனியின் பட்டியலையும் நம்பலாம். அவை இரண்டும் அனுமதிக்கிற ஒரு படி மேலே போவதில் ஆபத்து இல்லை. உதாரணமாக, 80/100-18 இருந்த இடத்தில் 90/90-18 என்றால் சக்கரத்தின் உயரம் 619 தான். பழையதற்கும் இதற்கும் இரண்டே மில்லிமீட்டர் வித்தியாசம். ஆனால் இதையும் ரிம் ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு மூன்று படி தாண்டிக் குதிப்பதில்தான் வம்பெல்லாம்.

ஸ்கூட்டர் ஓட்டும் சகோதரிகளுக்கும் இதே உபதேசந்தான். அங்கே சக்கரம் சிறியது. பல ஸ்கூட்டர்களில் பின் சக்கரம் பத்தே அங்குலம். சின்ன முகத்தில் பெரிய பொட்டு மாதிரி, கொஞ்சம் கூடினாலும் அங்கே அதிகமாகத் தெரியும்.

கடையில் கேட்க வேண்டியவை

டயர் மாற்றும் நாளில் நீங்களும் கூடவே போங்கள். புடைவைக் கடையில் நமக்காகக் காத்திருக்கிறவர்கள், டயர்க் கடையில் நம்மைக் கூட வைத்துக்கொள்ள மாட்டார்களா? அங்கே பின்வருமாறு கேளுங்கள்:

இந்த அளவு, வண்டிக் கம்பெனியின் கைப்புத்தகத்தில் இருக்கிறதா?

நம் ரிம்மின் அகலம் என்ன? டயர்க் கம்பெனியின் பட்டியல் அந்த ரிம்முக்கு இந்த டயரை ஒப்புக்கொள்கிறதா?

டயரின் மேல் அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் எண் என்ன? 62 பி என்றிருந்தால், 265 கிலோ வரை தாங்கும், மணிக்கு 150 கிலோமீட்டர் வரை ஓடும் என்று அர்த்தம். பழைய டயரில் இருந்ததைவிட அந்த எண் குறையக் கூடாது.

டயர் எப்போது தயாரானது? பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் வருஷத்தின் 23-வது வாரம். பழைய சரக்கைத் தள்ளுபடி என்று தலையில் கட்டுகிறார்களா என்பது இதில் தெரிந்துவிடும். பால் பாக்கெட்டில் தேதி பார்க்கிற கண்ணுக்கு இது ஒரு பெரிய காரியமா?

ட்யூப் வைத்த டயரானால், ட்யூபும் புது அளவுக்கு ஏற்றதா?

மாட்டி முடித்த பிறகு, நீங்கள் இருவரும் ஏறி உட்காருங்கள். செயின், கவை, மட்கார்டு மூன்றிலும் இடைவெளி இருக்கிறதா என்று மெக்கானிக்கைக் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். அருகே ஒரு வேகத்தடை வரை போய் வாருங்கள். உரசல் சத்தம் கேட்டால் வீட்டுக்கு வராதீர்கள், கடைக்கே திரும்புங்கள்.

சேலை காக்கும் வலை பழைய இடத்தில் திரும்ப ஏறியதா என்பதைக் கடைசியாகப் பாருங்கள். அது ஏறாமல் நீங்கள் ஏறாதீர்கள்.

இன்னும் ஒரு காரியம் இருக்கிறது. அதற்குச் செலவே கிடையாது. வாரம் ஒரு முறை, டயர் சூடேறுவதற்கு முன், காலையில் காற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். பின்னால் ஆள் ஏறினால் பின் டயருக்குக் கொஞ்சம் கூடுதல் காற்று வேண்டும். எவ்வளவு என்பது கைப்புத்தகத்தில் இருக்கிறது. புது அகல டயர் என்ன பத்திரத்தைத் தரும் என்று கடைக்காரர் ஆசை காட்டுகிறாரோ, அதில் பெரும்பங்கை, இருக்கிற டயரில் சரியான காற்றும் தேயாத பள்ளங்களும் தந்துவிடும்.

இத்தனையும் கேட்ட பிறகும் பிள்ளை, "பார்க்க நன்றாக இருக்கும் அம்மா!" என்று கெஞ்சினால் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரே ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். "யார் பார்க்கடா? ஓட்டுகிற நீ பின் டயரைப் பார்க்கப் போவதில்லை. பின்னால் உட்கார்ந்திருக்கிற நானும் பார்க்கப் போவதில்லை. நமக்குப் பின்னால் வருகிறவன் பார்ப்பதற்கு நாம் ஏன் பணம் கொடுக்க வேண்டும்?"